சிவப்பு உண்டா, இல்லையா

இரவு இரண்டு மணிக்கு
கோத்தகிரி ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில்
முதல் வேலை என் கையைச் சூடாக்குவது.
ஃபிளாஸ்க்கிலிருந்து ஊற்றிய காபியைக் குடிக்காமல்
டம்ளரை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பேன்.
குளிர்ந்த கைக்கு எல்லா உடம்பும் காய்ச்சல்.

எட்டாம் கட்டில். செவனம்மா, நாற்பத்தெட்டு வயது.
கவாத்து வெட்டிய சரிவில் சறுக்கி விழுந்து
இடுப்புக்குக் கீழே உள்ளதை
அங்கேயே விட்டுவிட்டு வந்தவள்.
"திருப்பப் போறேன்க்கா."
"திருப்பு. எனக்கென்ன தெரியவா போகுது."
துணைக்கு வந்த பக்கத்து லைன் வீட்டு எஸ்தர்
தரையிலிருந்து எழுந்து
கண் திறக்காமலே தோளைப் பிடிக்கிறாள்.

டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.
நேராக அடித்தால் தோல் ஒன்றும் சொல்லாது.
சாய்ந்த வெளிச்சத்தில்தான் வரும்
விரிப்பின் மடிப்பு பதிந்த கோடு,
கணுக்காலில் அட்டை கடித்த பழைய பொட்டுகள்,
கழுத்துக்குக் கீழே
எஸ்தர் பூசிய பவுடர் திட்டாய் நனைந்திருப்பது.

அருப்புக்கோட்டையிலிருந்து மாற்றலாகி வந்த முதல் வாரம்
இன்னொருத்தியின் விரல்களைப் பார்த்து
'நுனிகள் கருத்துள்ளன, ரத்த ஓட்டம் குறைவு' என்று எழுதி
டாக்டரை மாடியிலிருந்து ஓடிவர வைத்தேன்.
கொழுந்துச் சாயம்.
வார்டே சிரித்தது. அவளும்தான்,
கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு.

அச்சடித்த தாளில் ஒரு கேள்வி:
சிவப்பு உண்டா? ஆம் / இல்லை.
யாருடைய முதுகைப் பார்த்து எழுதினார்களோ.
எங்கள் நிறத்தில் அது சிவப்பாக வராது.
மழையில் நனைந்த பலகை மாதிரி
பக்கத்துத் தோலைவிட அரைச் சாயல் ஆழமாகும்,
அவ்வளவுதான்.
கண்ணை நம்பாமல் புறங்கையை வைக்கிறேன்.

வால் எலும்பின் மேல், ஐந்து ரூபாய் நாணய அளவு,
சுற்றிலும் இல்லாத சூடு.
நேற்று இல்லாத கெட்டி.
ஓரத்துத் தோலை அமுக்கி எடுத்தால்
கொஞ்சம் வெளிறி, மூச்சு விடுவதற்குள் திரும்புகிறது.
இது வெளிறவேயில்லை.
மூன்று முறை அமுக்கினேன்.
மூன்று முறையும் அப்படியே.

ஆறு கேள்விக்கு மார்க் போட வேண்டும்.
உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, சாப்பாடு, உரசல்.
வாய்விட்டுக் கூட்டுவது என் பழக்கம்.
"எவ்வளவு வந்துச்சு?" என்கிறாள்
சுவரைப் பார்த்தபடி.
"பன்னெண்டு."
"தண்ணி கழிச்சா, கழிக்காமயா?"
எனக்குப் புரிய நேரமாகிறது.
மழை நாளில் எடைத்தட்டில் ஏறும் இலையில்
ஈரத்துக்கென்று பிடித்துக்கொள்வார்கள்.
"இதுல கழிக்கிறதில்லக்கா. குறைஞ்சாத்தான் மோசம்."
"அப்ப ரெண்டு சேத்துப் போட்டுக்கயேன்,
யாரு கேக்கப் போறா."

'ஆம்' மேல் ஒரு கோடு. 'இல்லை' மேலும் ஒரு கோடு.
கட்டத்துக்கு வெளியே வழிய எழுதுகிறேன்:
சூடு. கெட்டி. அமுக்கினால் நிறம் மாறவில்லை.
காலையில் சூப்பிரண்டெண்ட் கேட்பார். கேட்கட்டும்.
காற்று மெத்தை ஒன்றுதான் இருக்கிறது,
அது ஆண்கள் வார்டில்
கட்டபெட்டு லாரி டிரைவருக்குக் கீழே ஊதிக்கொண்டிருக்கிறது.
அதையும் எழுதினேன்.

இடப்பக்கம் சாய்த்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை.
குதிகால் எதிலும் படாமல் தொங்கலாக.
டியூப் தொடைக்கு அடியில் சிக்காமல்.
நாலு மணிக்கு வலப்பக்கம்.

ஆறு மணிக்குக் கோடநாடு பஸ் மேட்டில் கியர் மாற்றுகிறது.
ஜன்னலில் இன்னும் பனிமூட்டம்தான்.
டம்ளரைப் பிடித்து, கையைச் சூடாக்கி,
சத்தமில்லாமல் அந்த நாணயத்தின் மேல் விரலை வைக்கிறேன்.

"தொட்டியா?" என்கிறாள்.

முகம் சுவர்ப் பக்கம்தான் இருக்கிறது.
சுவரில் டார்ச் வெளிச்சமும்
என் கையின் நிழலும்.

டார்ச்சை அணைத்துவிட்டு
மறுபடி தொடுகிறேன்.