இரண்டு மணி

ஒன்பதாம் கேள்வியை வெறுமையாய் விட்டிருந்தேன்.
ஏழாவதற்கு முழு மதிப்பெண்:
நேரெதிரே வரும் கப்பல்கள் இரண்டும்
வலப்பக்கம் ஒதுங்க வேண்டும்,
ஒன்றின் சிவப்பு விளக்கை மற்றது பார்த்தபடி.

விசாகப்பட்டினம் முகாமுக்கு
தாஹிரா பெயர் வந்தது.
எனக்கு ஒரு மதிப்பெண் குறைவு.

பதினேழு நாள்
ஒரே படகில் உப்பனாற்றில் துடுப்புப் போட்டோம்,
பேசவில்லை.
அணியத்தில் அவள், அமரத்தில் நான்,
நடுவில் நான்கு பேரின் வியர்வை.

ஞாயிறு அணிவகுப்பு முடிந்து வருகிறேன்.
முதுநகர்ப் பாலத்தில் கரண்ட் இல்லை.
மீன் வண்டி ஒழுகவிட்டுப் போன ஐஸ் தண்ணீர்.
எதிரே சைக்கிள், வெள்ளைச் சீருடை.
அவள்தான். அதற்குள்
மிஷினுக்குப் போய்த் திரும்புகிறாள்.
டிரிங் டிரிங் என்று அடித்தாள்.
திமிரைப் பார் என்று
கடல் விதிப்படி வலப்பக்கம் ஒடித்தேன்.
சாலை விதிப்படி
அவள் இடப்பக்கம் ஒடித்தாள்.

கேரியரிலிருந்து பறந்தது
ஒன்றரைக் கிலோ மிளகாய்த்தூள்.
அவள் வெள்ளையில் சிவப்பு,
என் வெள்ளையிலும்.
பாலத்துக் கைப்பிடியைப் பிடித்தபடி
ஆளுக்கு இருபது தும்மல்.
யார் அழுகிறார்கள் என்று
யாருக்கும் தெரியாத வசதி.

"ரெண்டு தடவ அடிச்சேன்ல?
ரெண்டு சங்குன்னா
எடது பக்கம் திரும்புறேன்னு அர்த்தம்டி."

ஒன்பதாம் கேள்வி.

கழன்ற செயினை நான் மாட்டினேன்.
கிழிந்த பையின் வாயை
என் ஷூ லேஸால் கட்டிக் கொடுத்தேன்.
வாங்கியவள்
முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.
அவிழ்த்தாள்.
மறுபடி கட்டினாள்.