கூட்டாமல், குறைக்காமல்

சத்தியம் செய்து கொடுத்தவன் நான்.
தமிழில் கேட்டதை இங்கிலீஷில்,
இங்கிலீஷில் கேட்டதைத் தமிழில்,
கூட்டாமல், குறைக்காமல்.
வெருலம் கோர்ட்டில் மாதம் ஆறு பவுன்.
கறுப்புக் கோட்டு மட்டும் இரவல்,
தபாலாபீஸ் சூசைநாதனுடையது.

அன்றைக்குக் கூண்டில் செங்கான்.
கரும்புத் தோட்டம், ஒப்பந்தத்தில் நாலாம் வருஷம்.
குற்றம்: மேற்பார்வை பிரிங்கிள் துரையை
ஐந்து சாட்சிகள் முன்னால்
'குட்மார்னிங், ப்ளடி துரை' என்றது.

மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
'அர்த்தம் தெரிந்துதான் சொன்னானா, கேள்.'

கேட்டேன்.

'அர்த்தமாங்க?
எனக்கு வந்த மொத இங்கிலீசே அதுதானுங்க.
விடியக்காலம் அடிச்சா ப்ளடி மணி.
மழுங்கிப்போனா ப்ளடி மம்முட்டி.
மழை பெஞ்சா ப்ளடி மழை,
பெய்யாட்டியும் அதே மழைதானுங்க.
போன மாசம் கோவேறு கழுதை ஒண்ணு செத்துது.
ப்ளடி குட் கழுதைன்னு
துரைக்குக் கண்ணு கலங்கிடுச்சு.
என்னை ப்ளடி சாமிம்பாரு.
என் பேரு சாமியில்லைங்க,
இங்க எல்லாருமே சாமி.
சரி, நம்ம பக்கம் ஸ்ரீ போடுறாப்ல
பேருக்கு முன்னால ஒரு மரியாதைன்னு இருந்துட்டேன்.
எனக்கே அவரு போடுறப்ப
நான் மொட்டையா துரைன்னா நல்லாவாங்க இருக்கும்?'

பின்பெஞ்சில் யாரோ இருமினார்கள்.
இருமல் அல்ல அது.

அவன் முகத்தைப் பார்த்தேன்.
கூட்டிப் பெருக்கின களம்.
ஒரு நெல்மணி கிடக்கவில்லை.

'பதிவேட்டுக்கு வேண்டும்,' என்றார் மாஜிஸ்திரேட்.
'அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன?'

கரையான் தின்றது போக என்னிடம் ஓர் அகராதி உண்டு.
அது சொல்வது: இரத்தம் தோய்ந்த.
'காலை வணக்கம், இரத்தம் தோய்ந்த துரை.'
இப்படிப் பெயர்த்தால் அவனுக்குத் தூக்குதான்.

நம்முடைய வசவுகளை மனசுக்குள் கூப்பிட்டு நிறுத்தினேன்.
அம்மாவை இழுப்பவை வேண்டாம்.
சாதியை இழுப்பவை, அவையும்
கப்பலேறித்தான் வந்திருந்தன, வேண்டாம்.
சனியன்? ஆளுக்குச் சரி, மாட்டுக்குச் சரி,
மணிக்கு ஒட்டவில்லை.
பிறகு தானாக வந்து நின்றது
எழவு.
எழவு மணி. எழவு மம்முட்டி.
எழவெடுத்த மழை.
ஒரு எழவும் புரியலை.

கழுதையிடம் மட்டும் இடித்தது.
எழவு நல்ல கழுதை என்று எவனும் அழமாட்டான்.
மற்றபடி, அவர்கள் ரத்தத்தை வைத்துத் திட்டுகிறார்கள்,
நாம் சாவை வைத்து.
இரண்டிலும் வெட்டுவாய் தேய்ந்துபோய்
பிடி மட்டும் மிச்சம்.

'துக்க வீட்டுச் சொல் ஒன்று இருக்கிறது, ஐயா.'

'துக்க வீடா?
இதில் எங்கே வந்தது துக்க வீடு?'

யாரும் கேட்காமலே செங்கான்
வலது கையைத் தூக்கினான்.
சத்தியத்துக்குத் தூக்குகிற மாதிரிதான்,
இரண்டு விரல் குறைச்சல்.

'மில்லுல உருளை இழுத்துக்கிட்ட அன்னிக்கு
துரைதான் மொதல்ல ஓடியாந்தாருங்க.
என் சட்டையில ரத்தம்,
அவரு சட்டையிலயும் ரத்தம்.
அன்னிக்கு மட்டும் அந்த வார்த்தை அவரு வாயில வரலைங்க.
சும்மா நின்னாரு.
அதனாலதான் கேக்குறேன்,
என்ன எழவுதாங்க அதுக்கு அர்த்தம்?'

பிரிங்கிள் துரை
தன் தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'என்ன கேட்கிறான்?' என்றார் மாஜிஸ்திரேட்.

ஜன்னலுக்கு வெளியே கரும்பு வண்டி ஒன்று
அச்சு முனகிக்கொண்டே போனது.
இரவல் கோட்டுக்குள் வேர்த்தது.
அவன் கேட்டதில் ஒரு சொல்லை உதறிவிட்டால்
பாக்கி சுத்தமான கேள்வி.
சத்தியமோ
கூட்டாமல், குறைக்காமல்.

வாயைத் திறந்தேன்.

அவனுக்குப் பத்து ஷில்லிங் அபராதம்.
எனக்கு ஐந்து.