அரை எழுத்து

பாதி உள்ளங்கை அளவு ஓடு.
ஃபைலக்காவில், மூன்றாம் குழியில்,
வெயில் ஏறுவதற்கு முன்
என் சல்லடையில்தான் விழுந்தது.

தெஸ்பினா தண்ணீர் தெளித்துத் துடைத்தாள்.
நான்கு கிரேக்க எழுத்து.
உடைந்த ஓரத்தில் ஒரு சாய்கோடு,
ஐந்தாவதன் காலோ வெறும் கீறலோ.

இதோடு முடிந்தால் நெயோஸ், என்றாள். புதுசு.
இன்னும் நீண்டிருந்தால் நெயோஸ்ஸோஸ்:
முட்டையை விட்டு வந்து
இன்னும் பறக்காதது.
எனக்கு முதலில் நெய்யோசை என்றுதான் கேட்டது,
மண்ணுக்கடியில் யாரோ தறியில் இருப்பதுபோல.

உங்கள் மொழியில் என்ன?
குஞ்சு, என்றேன்.
பின்னால் மண்வெட்டியோடு நின்றவர்கள்
சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார்கள்.
பார்ப்பு என்றும் ஒன்று உண்டு, என்றேன் அவசரமாக,
பிள்ளை என்றும். கிளிக்குப் பிள்ளை, அணிலுக்குப் பிள்ளை,
தென்னைக்கும்.
மரத்துக்கா, என்று இருமுறை கேட்டு எழுதிக்கொண்டாள்.
அவள் கையிலிருப்பதற்கும் முட்டையின் மேலிருப்பதற்கும்
எங்களுக்கு ஒரே சொல், ஓடு,
என்பதை மட்டும் ஏனோ சொல்லவில்லை.

சொற்களை அவ்வளவு நம்புகிறவள்.
என் அக்காமாவில் தொழில் என்ற இடத்தில்
ஆடு மேய்ப்பவன் என்று இருக்கிறது.
ஒன்பது வருஷமாக ஓர் ஆட்டையும் தொட்டதில்லை,
வெள்ளிக்கிழமைத் தட்டில் தவிர.

மறுபாதிக்காக நாலு நாள் சலித்தோம்.
மீன்முள். கரி. கிளிஞ்சல்.
தொண்ணூறாம் வருஷத்துத் தோட்டா உறைகள் ஒரு வாளி.

ஐந்தாம் நாள் படகில் ரெமிஜியுஸ் வந்தான்.
சட்டையில் வாந்திக் கறை,
காதுவரை இறங்கிய மஞ்சள் தலைக்கவசம்.
ஏய் புதுசு, என்றார் ஃபோர்மேன்.
கேம்ப்பில் முதல் ஆறு மாதம்
எல்லோருக்கும் அதுதான் பெயர்.

மத்தியானம் நிழல்வலைக்குக் கீழே
குபூஸைப் பிய்த்து வாயருகே கொண்டுபோனவன்
அப்படியே நின்றுவிட்டான்,
வாய் திறந்தபடி, கடலைப் பார்த்து.
என் லபன் பாட்டிலைத் திறந்து
அவன் பக்கம் நகர்த்தினேன்.
தெஸ்பினா பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

பதிவேட்டில், ஓடு எண் நூற்று எண்பத்தேழு,
இரண்டு அர்த்தத்தையும் எழுதி
நடுவில் கேள்விக்குறி போட்டிருந்தாள்.

மறுநாள் காலை குழியின் விளிம்பில்
மண் சரியும் பக்கமாக நின்றான்.
கூப்பிட வாயெடுத்தேன்.
நெயோஸ் வரைக்கும்தான் வந்திருக்கும்,
திரும்பிவிட்டான்.