குறிப்பு என்ற கட்டம்

கோத்தகிரி அலுவலகத்தில் சிக்னல் கிடைப்பது
ஜன்னலோர நாற்காலிக்கு மட்டும்.
அங்கிருந்துதான் போகும்:
"உங்கள் ஐந்நூறு ரூபாயில் ஆம்புலன்ஸ் இன்று
முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஓடியது."
பெயரை மென்பொருளே போட்டுக்கொள்ளும்,
நன்றியையும்.

மஸ்கட்டிலிருந்து ஜோகி மட்டும்
பதில் போடுவார், ராத்திரி பதினொன்றுக்கு:
"குஞ்சப்பனை வளைவில் மேகம் இறங்கியிருக்கா?"
டிரைவர் செல்வினைக் கேட்டுச் சொல்வேன்:
லைட் போட்டும் பத்தடிதான் தெரிந்ததாம்.

மூன்று மாதமாகப் பணம் இல்லை.
அவர் வரிசை சிவப்பானது.
விடுபட்டவர், என்றது திரை;
நினைவூட்டல் அனுப்பவா?

வேண்டாம்.

குறிப்பு என்ற கட்டத்தில்
இதுவரை யாரும் எதுவும் எழுதியதில்லை.
எழுதினேன்: மேகம் பற்றிக் கேட்பவர்.

பிறகு என் கைபேசியை எடுத்து
நானே தட்டினேன்:
"இன்று மேகமில்லை சார்.
வளைவிலிருந்து
மேட்டுப்பாளையம் விளக்கெல்லாம் தெரிகிறதாம்."