கரிக்காரியின் வெள்ளை அங்கி

வியாழன்தோறும் வெள்ளை அங்கி உடுத்துகிறேன், ஆண்டவரே.
இங்கே எங்களை மேய்ப்பர் என்பார்கள்.
மற்ற நாளெல்லாம் அன்ட்சிராபே சந்தையில்
கரிமூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன்.
என்ன தேய்த்தாலும் நகக்கண்ணில் கருப்பு போகாது.
அதைப் பார்த்துப் போதகரே முதலில் தயங்கினார்,
பிறகு தலையில் கைவைத்து அனுப்பினார்.

அன்றிரவு ரிவோவைக் கட்டித் தூக்கிவந்தார்கள்.
ரிக்‌ஷா இழுப்பவன்.
மூன்று நாளாய்த் தூக்கமில்லை,
ஒருவர் விடாமல் பெயர் சொல்லித் திட்டினான்.
என்னையும்:
"வொலத்தியானா, கலப்படக்காரி!"
பொய்யென்று சொல்ல முடியாது.
மூட்டையின் அடியில் தூளை அடைத்து விற்றேன்,
அவன் தெருவில்தான்.

போ என்றேன்.
உம் பெயரைச் சொல்லிப் போ என்றேன்,
தொண்டை கட்டும்வரை.
எதுவும் போகவில்லை.
கூரைத் தகரம் மட்டும் அதிர்ந்தது.

அதட்டுவதை விட்டேன்.
"ஆமாம் ரிவோ, அடியில் தூள்தான்"
என்றேன், கூடம் முழுக்கக் கேட்கும்படி.
பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.
அவன் திரும்பி என்னைப் பார்த்தான்
முதல்முறையாக,
இரண்டு கண்ணாலும்.

கட்டை அவிழ்க்கச் சொன்னேன்.
அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு
அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டேன்.
கஞ்சியில் பாதி குடித்தான், பாதி சிந்தினான்.

விடிகிற நேரம் நெற்றியில் கைவைத்தேன்;
ஐந்து விரலும் கருப்பாய்ப் பதிந்தன.
துடைக்கப் போனால்
"இருக்கட்டும்" என்று சொல்லித் தூங்கிவிட்டான்.

குணமாகிவிட்டதா என்று கேட்கிறார்கள்.
எனக்குத் தெரியாது, ஆண்டவரே.
அவன் தெருவுக்கு
நல்ல கரியாய்
எத்தனை மூட்டை பாக்கி என்று
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.