ட்றாக் 07

பருத்தித்துறை பஸ் வல்லை வெளிக்கு வந்ததும்
காற்று யன்னலுக்குள்ளால் ஆளைப் பிடித்துத் தள்ளும்.
அந்த நேரம் பார்த்துத் தொடங்கியது ஒரு பெண்குரல்.
தாளம் அவளுக்கு அரை அடி பின்னால்,
பிந்தி வந்த பிள்ளை
வகுப்பு வாசலில் நிற்கிற மாதிரி.

கொண்டக்டரைக் கேட்டேன், ஆற்றை பாட்டு?
"ஆருக்குத் தெரியும் அக்கா, பென்ட்றைவில கிடந்தது.
மிச்சம் இருபது ரூபா இறங்கேக்க தாறன்."
ட்றைவர் அடுத்ததுக்கு மாற்றிவிட்டார்.
சின்னத் திரையில் ஒரு கணம் நின்று அழிந்தது:
ட்றாக் 07.
முகவரி அவ்வளவுதான்.

நெல்லியடியில், வங்கியில், அடகுப் பிரிவில் எனக்கு வேலை.
சங்கிலியை உரைத்து, நிறுத்து,
பவுணுக்கு இவ்வளவு என்று சொல்லுகிறவள்.
அன்று முழுக்கத் தராசில் ஏதோ குறைந்தது.
மத்தியானம் கன்ரீனுக்குப் பின்னால் போய்
போனுக்கு வாயால் பாடிக் காட்டினேன்.
போன் எனக்கொரு சவர்க்கார விளம்பரம் தந்தது.

பதினொரு நாள்.
கடன் பிரிவு நிறோஜன் சொன்னான்,
"மன்னாரிலை நாலு பேர் இருக்கினம், பாருங்கோ."
பார்த்தேன்.
உப்பளத்துக்குள் நிற்கிறார்கள், முகத்தில் வெளிச்சமில்லை.
குழுவின் பெயர் கண்டல்.
இசைத்தொகுப்பின் பெயர் இரண்டாம் தவணை.
ஒன்பது பாட்டில் இரண்டுதான் இணையத்தில்.
இரண்டும் அதில்லை.
ஆனால் குரல் அவள்தான்.
மிச்சம் ஏழும் இறுவட்டில்,
அடித்ததே நூறு.

இரண்டாயிரத்து இருநூறு, தபாலுக்கு நானூறு.
அந்தக் கிழமை சீட்டுக்காசும் கட்டவேண்டும்.
ஒரு கிராமுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று
நித்திரையிலும் சொல்லுவேன்.
கேளாத பாட்டுக்கு எவ்வளவு?
காசை அனுப்பிவிட்டுத்தான் யோசித்தேன்.

கேக் பெட்டி மட்டையில் சுற்றி வந்தது.
பேனையால் எழுதியிருந்தார்கள் 63/100.
உள்தாளைச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வைத்து
மூன்று தரம் வாசித்தேன்.
குரல், ஜெனோவா. தாளம், பெனடிக்ற் குரூஸ்.
பதிவு, ஐஸ் கொம்பனியின் பின்னறை.
அப்ப, பிந்தி வருகிறவர் பெனடிக்ற்!
குளிரில் கை விறைத்திருக்கும்.

பிறகுதான் தெரிந்தது,
இதைப் போட எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை.
மடிக்கணினியில் வாயே இல்லை.
டிவிடி பெட்டி வாயைத் திறந்தால் மூடாது.
அத்தானின் வானில் யூஎஸ்பி மட்டும்.
நாலு நாள் அது
என் கைப்பையில் வங்கிக்குப் போய் வந்தது,
மதியம் சாப்பிடாமல்.

கடைசியில் குகதாஸ் சவுண்ட் சேர்விஸ், நீர்வேலி.
அடுத்த நாள் கொடியேற்றம்.
ஆள் பனையில் ஹோர்ண் கட்டிவிட்டு இறங்கி
இறுவட்டை வாங்கி
சாரத்தில் ஒரு துடை துடைத்தார்.
எனக்கு உயிர் போய் வந்தது.

ஆறு பாட்டு, கடைக்குள் மெல்லமாய்.
முதலாவது சுமார். மூன்றாவது வீண்.
நாலாவதில் ஒரு கிற்றார் எங்கேயோ இடித்துக்கொள்ளுகிறது,
அது நல்லாயிருந்தது.
ஏழாவது தொடங்க என் முகத்தில் என்ன கண்டாரோ,
"இதை மேல போட்டுப் பாப்பம்" என்று
விசையைத் தட்டிவிட்டார்.

பனை உச்சியில் இருந்து ஜெனோவா.
வாழைத் தோட்டத்துக்கு மேலால்,
வாசிகசாலைக்கு மேலால்,
அரை அடி பின்னால் பெனடிக்ற்,
அவருக்கும் பின்னால்
பள்ளிக்கூடச் சுவரில் பட்டுத் திரும்பிய இன்னொரு பெனடிக்ற்.
வேண்டாம் என்று கத்த நினைத்தேன்.
இது என்ரை, நான் காசு கொடுத்தது.
அதற்குள் தண்ணி மாறிக்கொண்டிருந்த ஒருவர்
மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்துவிட்டார்.

குகதாசின் போன் அடித்தது.
முதலில் தலைவர்: "என்னடாப்பா, சாமிப் பாட்டு இல்லையோ?"
பிறகு ஆரோ: "எங்கை செத்த வீடு?"
பாட்டு முடியும்வரை
இரண்டு பேருக்கும் "ஓம், ஓம்" என்றுகொண்டே நின்றார்.
பிறகு நிறுத்தினார்.

கையில் தந்தபோது சுடச்சுட இருந்தது.
எட்டும் ஒன்பதும் நான் இன்னும் கேட்கவில்லை.
கிடக்கட்டும்.
வட்டி ஏறட்டும்.