இருபத்து மூன்றாவது சொட்டு

பஞ்சாயத்தில் தந்த நீலப் பெட்டி.
உள்ளே ஒன்பது குப்பி, ஒரு கண்ணாடிக் குழல்,
ஈரம் பட்டு எழுத்து கலைந்த ஒரு தாள்.
நாகர்கோவிலில் இரண்டு நாள் பயிற்சி,
மதியம் பொட்டலச் சோறு.
என் படிப்பு மொத்தமும் இதுதான்.

கடியபட்டணம் கீழத்தெருவில்
பொதுக்குழாயின் மூக்கில் வெள்ளைப் புற்று.
நகத்தால் சுரண்டினால் சிப்பித்தூள்போல் உதிர்கிறது.
"சோப்பு நுரைக்காது, தயிராத் திரியும்" என்கிறாள் வியாகுலம்.
"தலைமுடி தும்பாப் போச்சு.
பருப்புக்கு ஏழு விசில் வைக்கேன், கேஸு யாரு தருவா?"
போட்டிலிருந்து நேற்றுத்தான் திரும்பிய அவள் மகன் ததேயு
படியில் படுத்தபடியே கேட்டான்:
"செத்துருவமா? அத மொதல்ல சொல்லு."

குழலில் கோடு வரை தண்ணீர்.
மூக்கைக் குத்தும் மருந்து கொஞ்சம்.
ஒரு சிட்டிகைப் பொடி போட்டதும்
பூசை ரசத்தின் நிறம்.
பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சிலுவை போட்டார்கள்.
பிறகு கடைசிக் குப்பி, சொட்டுச் சொட்டாக.
சொட்டுக்கு இருபத்தைந்து.
தெருவே என்னோடு எண்ணியது.
எட்டு. மாறவில்லை. நல்ல கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.
பதினைந்தில் ஊதா எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போனது.
இருபதில் ததேயு எழுந்து உட்கார்ந்தான்.
இருபத்து மூன்றில்
நீலம்.

ஐந்நூற்று எழுபத்தைந்து.
அறுநூறு வரைக்கும்
வேறு வழியில்லாதவர்கள் குடிக்கலாம்
என்று தாளில் இருக்கிறது.
அந்த 'வேறு வழியில்லாதவர்கள்' வந்த இடத்தில்
என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.
"சாக மாட்டிய. இது கரைஞ்ச கல்லு.
குழாய அடைக்கும், ஹீட்டரத் திங்கும், நாக்குல நிக்கும்.
கடினம் வேற, கேடு வேற."

"ஒங்க வீட்டு வெள்ளம் எத்தன சொட்டு?"
"நாலு" என்றேன்.
இரண்டு நாளாக யாராவது கேட்கமாட்டார்களா என்றிருந்தது.

வெள்ளிச்சந்தைக்கு மேற்கே எங்கள் கிணறு.
தேய்த்த சோப்பைப் போக்கவே இரண்டு வாளி வேண்டும்.
சித்திரையில் ஐந்து வீட்டுக் குடம் அங்கே வரும்.
என் வீட்டுக்காரர் ஜெயசிங் அந்தத் தண்ணீரை
விருந்தாளிக்குப் பாயசம்போல் நீட்டுவார்.

அன்றிரவு பெட்டியில் ஒரு சின்னக் குப்பி மீதம்,
அடியில் மருந்து காய்ந்த தாள்த்துண்டு.
விளையாட்டாகத்தான் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி
அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன்.
மறுநாள் சாயங்காலம் வரை மறந்தே போனேன்.
எடுத்தால் கறுப்பு.
அடுப்புக்கரியைக் கரைத்த கறுப்பு.

இன்னொரு குப்பி கடன் வாங்கி வைத்தேன். அதுவும்.
கிணற்றிலிருந்து கக்கூஸ் குழிக்கு நடந்து பார்த்தேன்:
பதினொரு காலடி.
நடுவில் ஒரு செம்பருத்தி,
என்ன உரம் போடுகிறாய் என்று எல்லோரும் கேட்பது.

"ரெஜிஸ்டர்ல எழுதாத" என்றார் ஜெயசிங்.
"கொதிக்க வச்சாப் போதும். நமக்குள்ள இருக்கட்டும்."
நமக்குள்ள என்றால் ஐந்து குடம்.
அதில் ஒன்று குமுதபாயின் பேத்திக்கு
மாவு கலக்க. ஏழு மாதக் குழந்தை.

எழுதினேன்.
கடினத்தன்மை நூறு. சுவை நன்று. கிருமி உண்டு.
கதவிலக்கம் எங்களுடையது.

காலையில் குமுதபாயிடம் குப்பியைக் காட்டினேன்.
வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.
"ருசியாத்தானே இருக்கு?"
"ருசிதான்."
குடத்தை நிரப்பவுமில்லை, திரும்பிப் போகவுமில்லை.
இடுப்பில் காலிக் குடத்தோடு
செம்பருத்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
நான் வாளியில் பிளீச்சிங் பொடி கரைத்துக்கொண்டிருந்தேன்.
அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த திங்கள் கீழத்தெருவில் வியாகுலம் சாயா தந்தாள்.
மேலே பாலாடையல்லாத ஒரு படலம்.
"கல்லுச் சாயா. குடிப்பியா?"
கொதித்த தண்ணீர்தானே. கடைசிவரை குடித்துவிட்டு
தம்ளரைக் கழுவ எழுந்தேன்.
"வையி பிள்ளே" என்றாள்.
"ஒனக்கு இங்க நுரைக்காது."